நிற்காமல் எண்ண வேண்டும்

அந்தத் தாளில் பதினோரு விதிகள் இருந்தன. பத்து எல்லோருக்கும், பதினோராவது எனக்கு மட்டும். அச்சாபீஸ் நடத்திய வகுப்பு என்பதால் முதல் பத்தையும் கட்டம் கட்டி அழகாக அச்சடித்திருந்தார்கள். பதினோராவதைப் பிறகு யோசித்து, அடியில் பச்சை மையில், பேனாவால் சேர்த்தார்கள். தலைப்பு ‘இருட்டறை வகுப்பு மாணவர்களிடம் எதிர்பார்க்கப்படுபவை’. என்னிடம் என்ன எதிர்பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள அச்செழுத்தையெல்லாம் படிக்க வேண்டியதில்லை, அந்தப் பச்சை மையைப் படித்தால் போதும். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

அறுபதுகளின் ஆரம்பம் அது. சிவகாசியில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்க எத்தனையோ மெஷின்கள் வந்துவிட்டன. ஆனால் கலர் லேபிளுக்கான பிலிம் மட்டும் மெட்ராஸிலிருந்துதான் வர வேண்டும். சீசன் நேரத்தில் பார்சல் தாமதமானால் மெஷின் சும்மா நிற்கும், ஆளும் சும்மா நிற்பான். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஓர் அச்சாபீஸ் முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு சாரை வரவழைத்தார். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடுகிற மனிதர் அவர். பின்கட்டில் இருந்த பேப்பர் குடோனை இருட்டறையாக மாற்றி ஆறு மாத வகுப்பு தொடங்கினார். எட்டு பேர் சேர்ந்தோம். ஏழு பேர் ஆண்கள், எட்டாவது நான்.

என் அப்பா நாரணாபுரத்தில் சர்ச் பள்ளிக்கூடத்து வாத்தியார். எங்கள் சனத்தில் பெண் படித்தால் ஒன்று டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ். மூன்றாவதாக ஒரு வேலை உலகத்தில் இருப்பதாகவே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்குப் பிள்ளைகளை அடிக்கவும் மனசில்லை, ஊசி போடவும் மனசில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து திட்டு வாங்குவதற்குப் பதில், பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் இரண்டு வருஷம் லேபிள் ஒட்டினேன்.

கம்பி மத்தாப்புப் பெட்டி லேபிள். ஒரு சிறுமி மத்தாப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவளுடைய கண்ணின் கறுப்பு கண்ணில் இருக்காது, கன்னத்தில் இருக்கும். உதட்டுச் சிவப்பு தாடைக்கு இறங்கியிருக்கும். தீபாவளிக்குச் சிரிக்க வந்த பிள்ளையை யாரோ அறைந்துவிட்டது போல இருக்கும். பசை தடவித் தடவி ஒட்டும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். யார் இந்தப் பிள்ளையை இப்படிப் பண்ணியது, இதைச் சரிபண்ண ஊரில் ஒரு ஆள்கூடவா இல்லை?

ஒரு நாள் லேபிள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நாரணாபுரத்திலிருந்து நடந்தே போய் அண்ணாச்சியின் மேஜைமேல் வைத்தேன்.

“இந்தப் புள்ளைக்குக் கண்ணு எங்கன இருக்கு அண்ணாச்சி?”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருடைய அச்சாபீஸில் அடித்த லேபிள்தான்.

“கலர் வெலகியிருக்கு தாயி. பிலிம் செஞ்சவன் சரியில்ல. அதுக்குத்தான் இங்கனயே வகுப்பு வைக்கப் போறோம்.”

“அப்ப என்னையும் சேத்துக்கிடுங்க. நான் சரியாச் செய்யுதேன்.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்ட மனுஷனால் அதற்குப் பிறகு முடியாது என்று சொல்ல முடியவில்லை. அப்படித்தான் சேர்ந்தேன். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, நானும் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

வகுப்பு எடுத்த சார் ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு பச்சை மைப் பேனா. எங்கள் ஊர் வெயிலும் அவருக்கு ஆகவில்லை, எங்கள் பேச்சும் ஆகவில்லை. முதல் நாள் எங்களை வரிசையாக நிறுத்தி விதிகளை வாசித்தார். கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. ரேடியம் முள் வைத்த கைக்கடிகாரம் கூடாது, இருட்டில் அது மின்னும். படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போவில் நனைந்த கையை, படத்தை எழுப்புகிற டெவலப்பர் தட்டில் விடக் கூடாது. வெற்றிலை போட்டுக்கொண்டு உள்ளே வரக் கூடாது. ஒன்பதாவது விதிக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, அதை இரண்டு தடவை வாசித்தார். பிலிமைக் கெடுத்தவர், மற்றவர் கேட்பதற்கு முன்பே, தானாக முன்வந்து சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே தடித்த எழுத்தில் முதல் விதி: பிலிம் வெளியே இருக்கும்போது, என்ன நடந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது.

இருட்டறைக்கு இரண்டு கதவுகள். உள்கதவைத் திறந்தால் இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு ஒரு சந்து, அதன் முனையில் வெளிக்கதவு. ஒன்றைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். ஒன்று மட்டும் திறந்தால் வெளிச்சம் உள்ளே வராது, இரண்டும் திறந்தால் உள்ளே இருக்கிற பிலிம் அத்தனையும் போச்சு.

முதல் விதியை வாசித்தபோது நாங்கள் எட்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சார் அதைக் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது. பட்டாசுக் கம்பெனியில் நான் சேர்ந்த அன்று போர்மேன் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு பாடம்தான். “எங்கன உக்காந்தாலும் கதவைப் பாத்து உக்காரு. புஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேட்டா யாரு என்னன்னு பாக்காத. கதவத் தள்ளு, ஓடு. வெளிய போயி நின்னுக்கிட்டுப் பொறவு யோசிக்கலாம்.” அங்கே ஷெட்டுக்கு நாலு பக்கமும் கதவு இருக்கும், எல்லாம் வெளிப்பக்கம் திறக்கும், வேலை நேரத்தில் ஒன்றைக்கூடச் சாத்த விடமாட்டார்கள். வகுப்பில் இருந்த எட்டு பேரும் ஒன்று அப்படிப்பட்ட ஷெட்டில் வேலை பார்த்தவர்கள், இல்லாவிட்டால் வேலை பார்த்தவர்கள் வீட்டில் வளர்ந்தவர்கள். அந்தப் பாடம் எங்களுக்குக் காலிலேயே இருந்தது. அதை ஓர் அச்சடித்த தாள் வந்து மாற்றிவிடும் என்று சார் நம்பினார்.

முதல் மூன்று மாதம் சிவப்பு விளக்கில் வேலை. எல்லோரும் எல்லோரையும் பார்க்கலாம். டெவலப்பர் தட்டை ஆட்டுவது, படம் கறுத்து எழும்புவதைப் பார்த்துச் சரியான நேரத்தில் தூக்குவது, ஹைப்போவில் போடுவது, அலசுவது என்று எல்லாம் கற்றுக்கொண்டோம். எனக்குக் கை நன்றாக வந்தது. அடக்கம் கருதி இதைச் சொல்லாமல் விட எனக்கு விருப்பமில்லை. எட்டு பேரில் என் பிலிம்தான் சுத்தமாக இருந்தது.

நாலாவது மாதம் கலர் பிரிக்கிற பிலிம் வந்தது. அந்தப் பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சமும் ஆகாது. விளக்கை அணைத்து, கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்கிற இருட்டில் வேலை செய்ய வேண்டும். அன்று சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“லேடீஸ் உள்ளே இருக்கும்போது லைட்டை அணைக்க முடியாதும்மா. நீ வெளியில இரு. நோட்ஸ் எழுதித் தர்றேன்.”

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தப் பிள்ளையின் கண் விலகியது கலரில். நான் வந்ததே அதைக் கற்றுக்கொள்ளத்தான். அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் படி என்றால், என்னை எதற்காகச் சேர்த்தார்கள்? மறுநாள் காலையில் வெளிக்கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன். உள்ளே போகிறவர்களும் வருகிறவர்களும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் நாள் “கொஞ்சம் வழி விடுங்க” என்றார்கள். இரண்டாம் நாள் சும்மா தாண்டிப் போனார்கள். மூன்றாம் நாள் சார் ஒரு பக்கெட் தண்ணீரோடு வந்து தடுக்கிப் பாதியை என்மேல் ஊற்றினார். நான் நகரவில்லை. நாலாம் நாள் அண்ணாச்சி வந்தார். அவரும் சாரும் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதுதான் பச்சை மை.

‘முழு இருட்டில் பெண் மாணவி கதவருகே நின்று, வெளியே கேட்கும்படி, நிற்காமல் எண்ண வேண்டும்.’

இருட்டில் கடிகாரம் பார்க்க முடியாது. பிலிம் எத்தனை விநாடி டெவலப்பரில் இருக்க வேண்டும் என்பதை யாராவது வாய்விட்டு எண்ணத்தான் வேண்டும். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். உண்மையான காரணம் அது இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வராந்தா மூலையில் லேபிள் பிரித்துக்கொண்டு ஓர் அக்கா உட்கார்ந்திருப்பாள். என் குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே தப்பு எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். குரல் நின்றால் அவள் ஓடிவர வேண்டும். ஒன்றிலிருந்து இருநூற்று நாற்பது வரை நான் மானமுள்ள பெண், இடையில் ஒரு இருமல் வந்தால்கூட சந்தேகம்தான். பிலிமைத் தொடவும் எனக்கு அனுமதி இல்லை, தட்டு இருக்கிற பக்கம் போனால் ஆண்களை உரசிவிடுவேனாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன். எப்படியோ உள்ளே இருக்கிறேன் அல்லவா? எது எத்தனை எண்ணிக்கையில் நடக்கிறது என்பது வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரிந்துபோனது.

சீசன் நெருங்கியது. அந்த மத்தாப்புப் பெட்டிக்கே புது லேபிள் ஆர்டர் வந்தது. அதே சிறுமியை ஓவியர் புதிதாக எழுதிக் கொடுத்திருந்தார். நாலு கலருக்கு நாலு பிலிம். முதல் இரண்டையும் சேர்த்து டெவலப் பண்ணுகிற நாள் அது, நல்ல மத்தியானம்.

தட்டில் கை வைக்கும் முறை அன்று அண்ணாச்சியின் மகனுக்கு. எங்களோடு சேர்ந்து படித்தவன்தான், என்னைவிட ஒரு வயசு கூட இருக்கும். வேலைக்காரர்கள் எல்லோரும் அவனைத் தம்பி என்று மரியாதையாகக் கூப்பிட்டதால் சாரும் அப்படியே கூப்பிட்டார். சார் ஹைப்போ தட்டின் பக்கம். எனக்குப் பக்கத்தில் எங்களோடு படித்த இன்னொருவர், அச்சங்குளத்திலிருந்து வந்து மெஷின் ஓட்டியவர், மிச்சப் பிலிம் பெட்டியை மூடிப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் சுவரோரம். நான் கதவருகே. விளக்கு அணைந்தது. எண்ணத் தொடங்கினேன்.

நூற்றுப் பதினேழு என்றேன். புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் கேட்டது. தொடர்ந்து படபடவென்று பொறி தெறிக்கிற ஓசை, அதோடு கருகல் வாசனை.

நூற்றுப் பதினெட்டு என் வாயில் வரவில்லை. கை தானாக உள்கதவைத் தள்ளிவிட்டது. “ஓடுங்க!” என்று கத்தினேன். சந்துக்குள் நான் கால் வைப்பதற்குள் பின்னாலிருந்து ஓர் ஈரக் கை என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனது. வெளிக்கதவு படாரென்று திறந்தது. கண்ணைக் குத்துகிற வெயில். அடுத்த நொடி நாங்கள் எட்டு பேரும் பைப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். ஒருவர் தெருமுனை வரைக்கும் ஓடிவிட்டு அசடு வழியத் திரும்பி வந்தார். அச்சங்குளத்துக்காரர் பிலிம் பெட்டியைப் பச்சைப் பிள்ளையைப் போல மார்போடு அணைத்திருந்தார், மூடி திறக்கவே இல்லை. உள்ளே சார் மட்டும் ஹைப்போவில் கையை விட்டபடி “டோர்! டோர்!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். பக்கத்துக் காமிரா அறையில் படத்துக்கு வெளிச்சம் போடுகிற ஆர்க் விளக்குக்கு மெக்கானிக் புதுக் கார்பன் குச்சி மாட்டி, எரிகிறதா என்று ஸ்விட்சைப் போட்டுப் பார்த்திருக்கிறார். புதுக் குச்சி சீறத்தான் செய்யும். சிவப்பு விளக்கு இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சுதாரித்திருப்போம்.

வராந்தா அக்கா விளக்குமாற்றோடு ஓடிவந்தாள். எண்ணிக்கை நின்றதுதான் அவளுக்குக் கணக்கு. என் தோளைப் பார்த்தாள். இளமஞ்சள் தாவணியில் அஞ்சு விரல் ஈரம்.

“எவன்லே இந்தப் புள்ள மேல கை வச்சது?” என்று சத்தம் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்ற அச்சங்குளத்துக்காரர் முன்னால் போய் விளக்குமாற்றை ஓங்கினாள். அவர் பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டு பின்வாங்கினார். நான் அவள் கையைப் பிடிப்பதற்குள் சார் வெளியே வந்தார். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“ரெண்டு பிலிமும் கறுத்துப் போச்சு. ரூல் நம்பர் ஒன் என்ன? நாளையிலேர்ந்து நீ வர வேணாம்மா. மெட்ராஸ்ல ஒரு சத்தத்துக்கு யாரும் இப்படி ஓட மாட்டாங்க.”

“மெட்ராஸ்ல பட்டாச வெடிக்க மட்டுந்தான் செய்வாக சார். அதச் செய்யிறது நாங்க” என்றேன்.

அவர் அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பினார். அவர் வந்து சேர அரை மணி நேரம் ஆனது. அதற்குள் என் தோளில் இருந்த ஈரம் காய்ந்து தேயிலைச் சாயம் போலப் பழுப்பாகிவிட்டது. டெவலப்பர் காய்ந்தால் அப்படித்தான் ஆகும், எங்கள் எல்லோர் நகக்கண்ணிலும் அந்தக் கறை உண்டு. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு ஆண்பிள்ளையின் கை, அவ்வளவுதான்.

அக்கா என் காதருகே குனிந்தாள். அவள் நல்லதை நினைத்துத்தான் சொன்னாள். “கை வச்சான்னு சொல்லிரு புள்ள. ஒன்னைய வெளியேத்த மாட்டாக.”

அண்ணாச்சி என் தோளைப் பார்த்தார். பிறகு அச்சங்குளத்துக்காரரைப் பார்த்தார்.

“நீதான பக்கத்துல நின்னது? சரி. நீ கணக்க முடிச்சுக்கிட்டுக் கெளம்பு.” என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். “நீ உள்ள போயி உக்காரு தாயி. நடந்தத வெளிய பேச வேண்டாம். படிப்ப முடிச்சிரு.”

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது. தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். வகுப்பும் கிடைக்கும், கலரும் கிடைக்கும். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் தோற்றுப்போன முகத்தைக் காட்ட வேண்டாம். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அச்சங்குளத்துக்காரர் இன்னும் அந்தப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. ஓடுகிறபோதும் கம்பெனிப் பிலிமைக் காப்பாற்றியவர் அவர் ஒருவர்தான். அவரை வெளியே அனுப்புகிறார்கள். அண்ணாச்சிக்குப் பின்னால் அவருடைய மகன் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். அதைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது.

“அண்ணாச்சி, ஒருத்தரும் என் மேல தப்பாக் கை வைக்கல. சத்தம் கேட்டுச்சு, நான் ஓடுனேன். நாளைக்குக் கேட்டாலும் ஓடுவேன். இவரு பெட்டியத் தொறக்காமக் காப்பாத்துனாரு, இவர அனுப்புனா அது அநியாயம்.”

“அப்ப ஒந்தோள்ல இருக்கது என்ன?”

நான் போய் வெளிக்கதவை இழுத்து வெயில் படும்படி நிறுத்தினேன். வெளிர்பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு அது. உள்பக்கத்தில், தள்ளுகிற இடத்தில், அஞ்சு விரலும் அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தன.

“எந்தோள்ல இருக்க கையும் இந்தக் கையும் ஒண்ணுதான். என் கையப் பாருங்க, காஞ்ச கை. எண்ணுறதுக்கு மட்டும் வச்சிருக்கவளுக்கு ஈரம் ஏது? இவரு கையும் காஞ்ச கைதான், பெட்டி பிடிச்ச கை. இன்னைக்கு டெவலப்பர்ல கை வச்சது ஒரே ஒரு ஆளு. யாருன்னு சாரக் கேளுங்க.”

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அவருக்கு முதலிலிருந்தே தெரியும். நான் விடவில்லை.

“உள்கதவத் தொறந்தது நானு. அத நான் மறைக்கல. வெளிக்கதவத் தொறந்தது இந்தக் கை. ரெண்டும் தொறந்தாத்தான் பிலிம் போகும். என்னைய வெளியேத்துனா இந்தக் கையையும் வெளியேத்துங்க. ஒன்பதாவது விதி என்ன சார்? அத ஒருக்கா வாசிங்க. நீங்கதான் ரெண்டு தடவ வாசிச்சீக.”

யாரும் வாசிக்கவில்லை. அண்ணாச்சி கதவைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் திரும்பி மகனைப் பார்த்தார்.

“கைய நீட்டுலே.”

அவன் நீட்டினான். விரல் இடுக்கெல்லாம் பழுப்பு.

“எதுக்குலே ஓடுன?”

“சத்தம் கேட்டுச்சுப்பா.”

முதலாளி ஆவதற்கு முன்னால் அண்ணாச்சியும் ஷெட்டில் உட்கார்ந்து பட்டாசுத் திரி கிள்ளியவர்தான். “நானா இருந்தாலும் ஓடியிருப்பேன்” என்றார். “ஓடுனது தப்பில்ல. இன்னொருத்தன் சீட்டுக் கிழியும்போது வாயப் பொத்திக்கிட்டு நின்னியே, அதுக்கு என்ன பேருலே?”

கோபம் எனக்குத் தீரவில்லை. அந்த நேரத்தில் கேட்காவிட்டால் பிறகு எப்போதும் கேட்க முடியாது என்று மனசு சொன்னது.

“பிலிம் திரும்பச் செய்யணும்ல அண்ணாச்சி? நாளைக்குத் தட்டுல நான் கை வைக்கேன். ஒங்க மகன் கதவுகிட்ட நின்னு எண்ணட்டும்.”

“அது ரூல்ல இல்லையே” என்றார் சார்.

“ரூல ஊருக்குத் தக்கன மாத்திக்கிடுங்க சார்” என்றார் அண்ணாச்சி. பிறகு அச்சங்குளத்துக்காரரிடம் போய் அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, “சாப்பிட்டீகளா? போயிச் சாப்பிட்டு வாங்க” என்றார். மன்னிப்பு என்று அவர் வாயில் அவ்வளவுதான் வரும்.

நான் சாரிடம் பேனாவைக் கேட்டேன். தயங்கித் தயங்கிக் கொடுத்தார். கதவில் ஒட்டியிருந்த தாளில் பதினோராவது விதியை, அதே பச்சை மையில், ஓர் எழுத்தும் தெரியாமல் அடித்தேன். அதற்குக் கீழே, ‘ஆர்க் விளக்கைப் போடுபவர் முன்கூட்டியே குரல் கொடுக்க வேண்டும்’ என்று எழுதினேன். எட்டு பேரை இருட்டில் அடைத்துவிட்டு ஓடாதே என்று சொல்வதைவிட, சத்தம் போடப் போகிறவனைச் சொல்லிவிட்டுப் போடச் சொல்வது சுலபம். இதை யோசிக்க மெட்ராஸ் வரை போக வேண்டியதில்லை.

சாயங்காலத்துக்குள் பேச்சு நாரணாபுரம் வரை போய்விட்டது. அம்மா அந்தத் தாவணியை எத்தனை தடவை சோப்புப் போட்டும் கறை போகாமல், யார் கண்ணிலும் படாமல் பெட்டிக்கு அடியில் திணித்துவைத்தாள். நான் மறுநாள் காலையில் அதைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டேன். “ஊரு பாக்குமேடி” என்று அம்மா அழுதாள். பார்க்கட்டும். ஒளித்துவைத்தால்தான் அது தப்பான கை ஆகும். பழுப்பு விரல் அஞ்சும் தெரிய, பஜார் வழியாகவே நடந்து போனேன். அப்பா சர்ச் வரைக்கும் கூட வந்தார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு வந்த மத்தாப்புப் பெட்டியில் அந்தப் பிள்ளைக்குக் கண் கண்ணிலேயே இருந்தது. லேபிளில் யார் செய்தது என்று போட மாட்டார்கள், அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஆனால் எனக்கு அதைவிட நினைவில் நிற்பது மறுநாள் மத்தியானம்தான். சார் விளக்கை அணைத்தார். நான் இரண்டு கையையும் டெவலப்பரில் விட்டேன். ஜில்லென்று இருந்தது. பிலிமின் ஓரம் விரலில் பட்டது. கதவருகிலிருந்து அண்ணாச்சி மகன் எண்ணத் தொடங்கினான். ஆண்குரல் எண்ணுவதைக் கேட்டு வராந்தாவில் அக்கா வாய்விட்டுச் சிரித்தது சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது. தட்டை நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். நூறு தாண்டியது.

“லைட்டு போடுதேன்!” என்று காமிரா அறையிலிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது. தொடர்ந்து அந்தச் சத்தம், புஸ்ஸ்ஸ், படபடவென்று. சொல்லிவிட்டுத்தான் போட்டார், இருந்தாலும் இருட்டில் அத்தனை கால்களும் கதவுப் பக்கம் திரும்புவது தரையில் உரசிக் கேட்டது. என் காலும் திரும்பியது. கை மட்டும் தட்டில் இருந்தது.

“நூத்திப் பதினேழு” என்றான் அவன். அதோடு நின்றுவிட்டது. அடுத்த எண் வரவில்லை. அவன் கை தாழ்ப்பாளைத் தடவுகிற சத்தம் கேட்டது. என் விரல் நுனியில் அந்தப் பிள்ளையின் முகம் இருந்தது.

“நிக்காம எண்ணுலே” என்றேன்.

முதலாளி மகனை அந்த அச்சாபீஸில் அவன் அப்பாவைத் தவிர யாரும் ‘லே’ போட்டுக் கூப்பிட்டதில்லை. இருட்டில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“நூத்திப் பதினெட்டு” என்றான். இருநூற்று நாற்பது வரை அவன் நிறுத்தவே இல்லை.